இணைப்பில் அறுந்த படை: ரஷ்யப் பேரரசின் 27-வது காலாட்படை டிவிஷன், 1914–1915

முதல் உலகப் போரின் கிழக்கு முனையைப் பற்றி எழுதுவோர் பலர், ரஷ்யத் தோல்விகளுக்குப் படைவீரனின் தரத்தையே காரணமாகக் காட்டுகிறார்கள். எழுத்தறிவற்ற குடியானவர்களைக் கூட்டி, அரைகுறையாகப் பழக்கி அனுப்பிய படை வேறு எப்படி முடிந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். இந்தக் கூற்று டிவிஷன் அளவிலான சான்றுகளின் முன் நிற்பதில்லை. 27-வது காலாட்படை டிவிஷனின் முதல் ஏழு மாதப் போர் வரலாற்றை முன்வைத்து, அங்கே முதலில் முறிந்தது அண்டைப் படைகளோடும் மேல் தலைமையோடும் இருந்த இணைப்புதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்த டிவிஷனின் தலைமையகம் வில்னா நகரில் இருந்தது. 105-வது ஓரென்பூர்க், 106-வது உஃபா, 107-வது த்ரோயித்ஸ்க், 108-வது சராத்தோவ் ஆகிய நான்கு ரெஜிமெண்டுகள் இதில் அடங்கின. மொத்தம் 16 பட்டாலியன்கள், 48 பீரங்கிகள். எதிரே நின்ற ஜெர்மன் டிவிஷனுக்கு 12 பட்டாலியன்கள்தான். ஆனால் பீரங்கிகள் 72. இந்தக் குறையை ஈடுகட்டியது பயிற்சி. தளபதி ரென்னென்காம்ப் 1913 வரை தலைமை வகித்துப் பயிற்றுவித்த 3-வது படைத்தொகுதியைச் சேர்ந்தது இந்த டிவிஷன். ரஷ்ய–ஜப்பானியப் போரில் பட்ட அடியிலிருந்து, பீரங்கிகளை மறைவில் நிறுத்திச் சுடும் முறையை ரஷ்யப் பீரங்கிப் படை கற்றிருந்தது.

1914 ஆகஸ்ட் 17 அன்று, ஜெர்மன் எல்லையைக் கடந்த முதல் நாளிலேயே, ஸ்டாலுப்பேனென் அருகே டிவிஷன் பேரிழப்பைச் சந்தித்தது. தெற்கே, 4-வது படைத்தொகுதியின் 40-வது டிவிஷன் பின்தங்கியதால் இடைவெளி விழுந்தது. அதன் வழியே வந்த ஜெர்மன் படைப்பகுதி 105-வது ரெஜிமெண்டைப் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் தாக்கியது. ரெஜிமெண்டின் தளபதி கொல்லப்பட்டார். சுமார் 3,000 பேர் சிறைப்பட்டனர். முன்னால் வரும் எதிரியை நோக்கிப் போரிடும் ரெஜிமெண்ட் தன் பக்கத்தை அண்டைப் படையை நம்பியே விட்டுவைக்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்ததற்குப் படைவீரனைக் குறைகூற முடியாது.

மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, கும்பின்னென் போரில் இதே டிவிஷனை மாக்கென்சென் தலைமையிலான 17-வது ஜெர்மன் படைத்தொகுதி தாக்கியது. எதிரே இருப்பவர்கள் அடிபட்டுப் பின்வாங்குகிறவர்கள் என்று எண்ணிய ஜெர்மன் காலாட்படை, போதிய பீரங்கி ஆதரவின்றித் திறந்த வயல்களில் நெருங்கி வந்தது. ரஷ்யத் துப்பாக்கி வரிசை காத்திருந்து சுட்டது. மறைவிலிருந்த பீரங்கிகள் வெடித்துச் சிதறும் குண்டுகளைப் பொழிந்தன. தம் காலாட்படைக்கு உதவ வெட்டவெளிக்கு விரைந்த ஜெர்மன் பீரங்கிக் குழுக்கள் குதிரைகளோடு வீழ்ந்தன; 12 பீரங்கிகள் 27-வது டிவிஷனின் கையில் சிக்கின. மாக்கென்சென் படைத்தொகுதியின் இழப்பு சுமார் 8,000 பேர். அதன் பின்வாங்கல் ஓட்டமாக மாறியது. 8-வது ஜெர்மன் சேனையின் தளபதி பிரிட்விட்ஸ், விஸ்துலா நதிக்கு அப்பால் போய்விடலாமா என்று யோசிக்கும் அளவுக்குக் கலங்கினார். அவரை நீக்கிவிட்டு ஹிண்டன்பர்க்கையும் லூடன்டார்ஃபையும் ஜெர்மன் மேல் தலைமை அனுப்பியது. ரஷ்யத் தரப்பிலோ துரத்தலை மேல் தலைமை நிறுத்திவைத்தது. டிவிஷன் ஈட்டிய வெற்றி சேனையின் வெற்றியாகாமல் போனது.

1915 பிப்ரவரியில் அவ்குஸ்தோவ் காடுகளில் முதல் நாளின் பிழை பன்மடங்காகத் திரும்பியது. அப்போது 27-வது டிவிஷன் தளபதி புல்ககோவின் 20-வது படைத்தொகுதியில் இருந்தது. பனிப்புயலுக்கு நடுவே ஜெர்மன் சேனைகள் தாக்கியபோது, வடக்கே இருந்த 3-வது படைத்தொகுதி கோவ்னோ நோக்கி விலகியது. வடபக்கம் திறந்துகிடக்க, ஜெர்மானியர் சுற்றிவந்து 20-வது படைத்தொகுதியின் பின்வழியை அடைத்தனர். சூழப்படும் நிலையிலும் 27-வது டிவிஷன் மகார்த்செ கிராமத்தருகே எதிர்த்தாக்குதல் நடத்தி ஜெர்மன் படைப்பகுதி ஒன்றைச் சிதைத்தது, நூற்றுக்கணக்கானோரைச் சிறைபிடித்தது. ஆனால் வழியைத் திறந்து கொடுக்க வெளியிலிருந்து எவரும் உரிய நேரத்தில் வந்துசேரவில்லை. உணவும் தோட்டாவும் தீர்ந்து, பிப்ரவரி 21 அன்று படைத்தொகுதியில் எஞ்சியோர் சரணடைந்தனர்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 1915 பிப்ரவரியில் போரிட்டவர்கள் 1914 ஆகஸ்டில் போரிட்ட அதே வீரர்கள் அல்லர். அமைதிக்காலத்தில் பழகிய அதிகாரிகள் பலர் இறந்தோ காயமுற்றோ விலகியிருந்தனர். ஆகவே தரம் தாழ்ந்ததே காரணம் எனலாம். தரம் தாழ்ந்தது உண்மை. ஆனால் தரம் உச்சத்தில் இருந்த ஆகஸ்ட் 17 அன்றே, திறந்த பக்கம் ஒரு ரெஜிமெண்டை விழுங்கிவிட்டது. தரம் தாழ்ந்த பிப்ரவரியிலும் நேருக்கு நேர் மோதிய மகார்த்செயில் டிவிஷன் வென்றது. இரண்டு பேரிழப்புகளுக்கும் பொதுவானது திறந்த பக்கம். இரண்டு வெற்றிகளுக்கும் பொதுவானது எதிரி முன்னால் நின்றது.

எனவே ரஷ்யப் படையின் வரலாற்றைச் சேனைத் தளபதிகளின் பூசலாகவோ குடியானவ வீரனின் அறியாமையாகவோ சுருக்குவது அந்த வீரர்களுக்கு இழைக்கும் அநீதி. டிவிஷன்களுக்கு இடையே யார் பொறுப்பு, செய்தி எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது, அண்டைப் படை விலகும்போது யாருக்குச் சொன்னது என்ற கேள்விகளை ஒவ்வொரு போருக்கும் எழுப்ப வேண்டும். 27-வது டிவிஷனின் தளபதி அதாரிதி அதன் ஆகஸ்ட் போர்கள் குறித்து எழுதியவை அதற்கான பிடிமானங்களைத் தருகின்றன. அவற்றை ஜெர்மன் தரப்புப் பதிவுகளோடு மணிக்கணக்கில் ஒப்பிட்டால்தான் தோல்வியின் பொறுப்பை உரிய இடத்தில் வைக்க முடியும்.