வளர்ப்பு மீனின் இறைச்சித் தரமும் மேலுணவும்

வளர்ப்பு மீனின் இறைச்சித் தரம் என்பது தசையின் கொழுப்பு, நிறம், இறுக்கம், மணம், பிடித்தபின் கெடாமல் தாங்கும் காலம் ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டும் சொல்லாகும். தீனி போதுமான அளவு கிடைக்கும் வரையில் கெண்டையின் தசைப்புரதம் எடையில் ஏறத்தாழ 16 முதல் 18 விழுக்காட்டிலேயே நிற்க, கொழுப்போ மீன் தின்ற எண்ணெயின் இயல்பைப் பெரிதும் ஏற்றுக்கொள்கிறது.

நிலக்கடலையின் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதியாகக் கலந்த கலவையே, கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகளுக்கு இந்தியக் குளங்களில் நெடுங்காலமாக இடப்படும் மேலுணவு. குளத்து நுண்ணுயிர் மிதவைகளே முதல் உணவு என்பதால் இப்பெயர். இவ்விரு பொருள்களின் எண்ணெயிலும் ஒமேகா-6 கொழுப்பு அமிலம் மிகுதி. ஒமேகா-3 வகையைத் தருபவை பெரும்பாலும் மிதவைகளே. ஆகவே, மேலுணவை மட்டும் கூட்டினால் மீன் விரைவில் பருக்கிறதே தவிர, வயிற்றுக் கொழுப்பு ஏறி, ஒமேகா-3இன் பங்கு குறைகிறது. ஆளிவிதை எண்ணெயைச் சேர்த்தால் கெண்டை அதிலுள்ள குறுந்தொடர் ஒமேகா-3ஐ ஓரளவு நெடுந்தொடராக மாற்றிக்கொள்ளும். கொடுவா போன்ற ஊனுண்ணி மீன்களுக்கு அத்திறன் மிகக் குறைவாதலால், மீன் எண்ணெய் இன்றியமையாதது.

நெடுந்தொடர்க் கொழுப்பு நல்லதாயினும் எளிதில் காறல் அடிக்கும். தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின் ஈ தசைச் செல்களின் படலத்தில் தங்கி அதைத் தாமதப்படுத்துவதால், ஒமேகா-3ஐக் கூட்டுபவர் இதனையும் கூட்டுவதே முறை.

நிறத்தில் தீவனத்தின் விளைவு கண்ணுக்கே தெரியும். சால்மனின் செம்மை அது தின்னும் அஸ்டாசாந்தின் என்னும் நிறமியால் வருவது. மக்காச்சோளம் மிகுந்தால் பங்கேசியஸ் மீனின் வெள்ளைச் சதை மஞ்சளாகி விலை குறையும். சீனத்தின் குவாங்டொங்கில் புல்கெண்டைக்குச் சில மாதங்கள் அவரை இனத்துப் பயறான பாகாலா மட்டுமே ஊட்டி, சதையை மொறுமொறுப்பாக்கி விற்பது இறுக்கத்துக்கு வியப்பான சான்று.

வாங்குபவர் மிகுதியும் குறைகூறும் சேற்று வாடை மட்டும் மேலுணவின் நேர் விளைவன்று. நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள் செவுள் வழியே புகுந்து கொழுப்பில் படிவதால் அது எழுகிறது. தின்னாது மிஞ்சிய பிண்ணாக்கு குளத்தில் அழுகிப் பாசியைப் பெருக்கும்போது மேலுணவுக்கும் அதில் பங்குண்டு. விற்குமுன் சில நாள் தீனியின்றித் தெளிந்த நீரில் மீனை விட்டுவைத்தால் வாடை குறையும்.