காய்ச்சலும் வருகைப் பதிவேடும்

போன வருடம் பையனுக்கு லேசான காய்ச்சல். ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். காரணம், முழு வருகைச் சான்றிதழ். அடுத்த வாரம் எங்கள் மாடியில் மூன்று பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றிப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று ஸ்கார்லெட் காய்ச்சல், டிப்தீரியா, தட்டம்மை, கக்குவான் இருமல் என்றாலே பெற்றோர் நடுங்குவார்கள். வசதியான வீடுகளும் தப்பவில்லை. பின்னாளில் கேன்டர்பரி பேராயரான ஆர்ச்சிபால்ட் டெய்ட், 1856இல் ஐந்தே வாரங்களில் ஐந்து மகள்களை ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்.

1880இல் 5 முதல் 10 வயது வரை பள்ளிப் படிப்பு கட்டாயமானது. ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிள்ளைகள் எச்சில் தொட்டுச் சிலேட்டைத் துடைத்தார்கள். நோய்க்கு அது போதாதா?

அதைவிடப் பெரிய சிக்கல் பணத்தில் இருந்தது. 1862 முதல் அரசு மானியம் பிள்ளைகளின் வருகையையும் தேர்வையும் பொறுத்தே கிடைத்தது. பல ஆசிரியர்களின் சம்பளமும் அதையே நம்பியிருந்தது. தவறாமல் வந்தவர்களுக்கு லண்டனில் பதக்கம் வேறு. இருமுகிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்?

மாற்றம் மெல்ல வந்தது. நோய் பரவும்போது பள்ளியை மூடச் சொல்லவும், குறிப்பிட்ட பிள்ளைகளை நிறுத்தி வைக்கச் சொல்லவும் 1882இல் சுகாதார அதிகாரிகளுக்கு வழி கிடைத்தது. ஆனால் மூடினாலும் பிள்ளைகள் தெருவில் சேர்ந்துதானே விளையாடினார்கள்! தொற்றுநோய் கண்டால் மருத்துவர் தெரிவிக்க வேண்டும் என்ற 1889ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் லண்டனில் கட்டாயமானது. நாடு முழுக்க வர 1899 ஆயிற்று. அந்தப் பட்டியலில் தட்டம்மையும் கக்குவானும் இல்லை. தட்டம்மையோ, உடம்பில் தடிப்பு தெரியும் முன்பே பரவத் தொடங்கிவிடும்.

1890இல் லண்டன் பள்ளி வாரியம் மருத்துவ அதிகாரி ஒருவரை நியமித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை சட்டமானது 1907இல், மகாராணி மறைந்த பிறகு.

இன்று நம்மிடம் தடுப்பூசி இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். ஆனாலும் பதிவேட்டின் மீதான ஆசை மட்டும் மாறவில்லை. இந்த மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பள்ளிக்கு மட்டுமல்ல, நம் விளையாட்டுத் திடலுக்கும் அனுப்ப வேண்டாமே. என் பையனின் சான்றிதழ் இப்போது எந்த அலமாரியில் கிடக்கிறதோ, எனக்கே தெரியாது.