புள்ளி பெற்ற யகரம்: வங்க மொழியில் உயிர்முதல் அசையின் வரலாறு

உயிரை முதலாகக் கொண்ட அசையை எல்லா மொழிகளும் ஒரே வகையாக ஏற்பதில்லை. இரண்டு உயிர்கள் அடுத்து நிற்குமிடத்துத் தமிழ், யகரத்தையோ வகரத்தையோ உடம்படுமெய்யாகக் கொள்கிறது. ஜெர்மன் மொழியில் சொல்முதல் உயிருக்கு முன் குரல்வளை அடைப்பொலி தோன்றுகிறது. வங்க மொழியில் இத்தேவை நெடுங்கணக்கிலேயே தடம் பதித்துள்ளது. அத்தடத்தின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமஸ்கிருதத்தில் உயிர்களுக்கிடையே நின்ற வல்லொலிகள் பல பிராகிருதத்தில் கெட்டன. 'சாகர' என்பது 'சாஅர' என்றாகிப் பின்னர் யகரம் பெற்றுச் 'சாயர' ஆயிற்று. பெரிய நீர்நிலையைக் குறிக்கும் 'சாயர்' என்னும் வங்கச் சொல் இவ்வழி வந்ததே. மறுபுறம், சொல்முதல் யகரம் ஜகரமாகத் திரிந்தது. 'யமுனா' என்பது வங்காளத்தில் 'ஜமுனா' என்றே ஒலிக்கும். இதனால் ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலிகள் அமைந்தன.

கொல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராயிருந்த ஈசுவர சந்திர வித்தியாசாகர், 1855இல் வெளியிட்ட 'வர்ணபரிசயம்' என்னும் நூலில், கீழ்ப்புள்ளி பெற்ற யகரத்தைத் தனியெழுத்தாக நெடுங்கணக்கில் சேர்த்தார். இவ்வெழுத்து பொதுவாகச் சொல்லுக்கு முதலாவதில்லை.

இதன் பணியை வேற்றுமைப் புணர்ச்சி விளக்கும். தாயைக் குறிக்கும் 'மா' என்பது 'எர்' என்னும் ஆறாம் வேற்றுமை உருபை ஏற்கும்போது 'மாயெர்' ஆகிறது. ஆனால் உடன்பிறந்தானைக் குறிக்கும் 'பாஇ' என்னும் சொல்லில் இகரம் உயிரெழுத்தாகவே எழுதப்படினும் யகரம் தோன்றுவதில்லை. அங்கு இகரம் தனியசையாகாது, முன்னுள்ள ஆகாரத்தோடு இணைந்து ஓரசையாகிறது. எழுதப்படும் உயிரெழுத்து வேறு. ஒலிக்கப்படும் உயிர்முதல் அசை வேறு என்பது இதனால் பெறப்படும். வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிச் சுநீதி குமார் சட்டர்ஜி எழுதிக் கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1926இல் வெளியிட்ட பெருநூல், இத்தகைய ஒலிமாற்றங்களை வரலாற்று முறையில் ஆராய வழிவகுத்தது.

தமிழ் மரபும் ஒப்புநோக்கத் தக்கது. உடம்படுமெய்யைத் தொல்காப்பியம் விலக்காது ஏற்கிறது. எவ்வுயிரின்பின் எம்மெய் வரும் என்பதை நன்னூல் வரையறுக்கிறது. சொல்முதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்பதும் தொல்காப்பியர் கருத்து. இரு மொழிகளிலும், உயிர்களை இணைக்கும் யகரம் சொல்முதலில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே.

தமிழ் இதனை இலக்கண விதியாக்கியது. வங்கம் எழுத்தாகவும் ஆக்கியது. இவ்வேறுபாட்டை உணராதபோது, வங்கம் கற்கும் தமிழர் 'பாஇ' என்பதை உடம்படுமெய் சேர்த்துப் 'பாயி' என ஈரசையாக ஒலிக்க நேரும். எனவே மொழி பயிற்றுவோர் எழுத்துக்கு முன் அசையைக் கற்பித்தல் வேண்டும்.