செம்பனையும் சிறு வண்டும்

செம்பனை நம் நாட்டில் வாணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917இல், கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குச் சுமக்கும் வண்டு உடன் வரவில்லை. ஆகவே பல தோட்டங்களில் தொழிலாளர்களே மரம் மரமாகச் சென்று மகரந்தப் பொடியைப் பூக்களில் தூவினர்.

பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது கேமரூனில் ஆராய்ந்து, வண்டின் பணியை மெய்ப்பித்தார். 1981இல் அவ்வண்டு ஜொகூரில் விடப்பட்டது. காய்ப்பு பெருகியது, கைவேலை மறைந்தது.

வண்டின் புகழை நாம் அறிவோம். அதற்குமுன் குலைகளைக் காய்க்கவைத்த கைகளை மறக்கலாமா? வீட்டுப் பெரியவர்களிடம் அவ்வேலையையும் அதற்குரிய கூலியையும் கேட்டு, பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்வோம். அதுவும் நம் வரலாறே.