சார்வஜனிக்: ஒரு சொல்லும் அதன் உரிமைக்காரர்களும்

புனே நகரில் எழுத்துக்கூட்டி மராத்தி படிக்கத் தொடங்கும் தமிழர் கண்ணில் முதலில் படும் சொற்களில் ஒன்று 'சார்வஜனிக்'. கழிப்பறைச் சுவரில், வாசகசாலைப் பலகையில், பொதுப்பணித்துறை அறிவிப்பில், ஆவணி மாதத்துக் கணபதிப் பந்தலின் முகப்பில் என்று எங்கும் அது நிற்கிறது. 'சர்வஜன' என்ற வடசொல்லோடு விகுதி சேர, முதலெழுத்து நீண்டு பிறந்த சொல் அது. எல்லா ஜனங்களுக்கும் உரியது என்று பொருள். தமிழில் நாம் 'பொது' என்று இரண்டெழுத்தில் முடித்துக்கொள்கிறோம். ஆனாலும் பீளமேட்டுச் சர்வஜனப் பள்ளியின் பெயரிலும், இலங்கைத் தமிழர் சொல்லும் 'சர்வஜன வாக்குரிமை'யிலும் அதன் தாய்ச்சொல் நம்மிடமும் புழங்குகிறது. இத்தனை சாதுவான சொல், 150 ஆண்டுகளாக மராத்திய மண்ணில் அடிதடிக்குரிய சொல்லாக இருந்திருக்கிறது. ஆட்சியை எதிர்த்தவர்கள் இதைக் கையிலெடுத்தார்கள். அவர்களை எதிர்த்தவர்களும் இதையே எடுத்தார்கள். ஆட்சியும் சும்மா இருக்கவில்லை. 'எல்லாருக்காகவும் பேசுகிறேன்' என்று சொல்லி அதிகாரத்தில் பங்கு கேட்பவர், தாம் அந்த 'எல்லாரு'க்குள் சேர்க்காதவர்கள் கையிலும் ஒரு பிடியைக் கொடுத்துவிடுகிறார். மக்கள் இயக்கங்களின் பலத்தில் கணிசமான பங்கு அந்தப் பிடியிலிருந்து வந்தது என்பதை இச்சொல்லின் வரலாறு காட்டுகிறது.

இன்றைய மராத்தியில் இதற்கு எதிர்ச்சொல் 'காஸ்கி', அதாவது தனியார். அதுவும் ஆட்சியிலிருந்து வந்த சொல்தான். ஆள்பவரின் சொந்த வீட்டுக் கணக்கைக் குறித்தது. பேஷ்வா காலத்தில் ஒரு சொத்து சர்க்காருடையதா, காஸ்கியா என்று கேட்கலாம். இரண்டும் இல்லாத ஒன்றைக் கேட்பதற்கு அந்தக் கணக்கில் இடம் குறைவு. ஊருக்கென்று குளமும் சாவடியும் இல்லாமலில்லை. ஆனால் ஊரே சாதி சாதியாகப் பிரிந்து கிடந்தது, தண்ணீர்த்துறையும் அப்படியே பிரிந்திருந்தது. நம் கதையும் வேறில்லை. 'பொது' மிகப் பழைய சொல். சங்கப் பாடல்களில் மன்றமும் பொதியிலும் வருகின்றன. இருந்தும் 'ஊர்ப் பொதுக் கிணறு' என்று ஒருவர் சொன்னால் அந்த ஊரில் சேரி அடங்காது என்பது ஊரறிந்த சங்கதி. சாதி கேட்காமல் எல்லாருக்கும் திறந்திருப்பது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் கம்பெனிச் சட்டத்தோடும் அச்சகத்தோடும் நகராட்சி வரியோடும் மெல்ல வந்தது. அதற்கு மராத்தியில் ஒரு பெயர் நிலைபெற வேண்டியிருந்தது.

பெயரை நிலைநிறுத்தியது ஒரு கோயில் தகராறு. புனேயின் தென்புறக் குன்றின்மேல் உள்ள பார்வதி கோயில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகேப் பேஷ்வா கட்டியது. பேஷ்வாக்கள் போன பிறகு அதன் நிர்வாகத்தைக் கவனித்த பஞ்சாயத்தார் மேல் ஊரில் அதிருப்தி எழுந்தது. அதைத் தட்டிக்கேட்கக் கூடியவர்கள், கோயிலோடு நிற்பானேன், ஜனங்களின் குறைகளை அரசாங்கத்திடமும் எடுத்துச்சொல்லலாமே என்று எண்ணினார்கள். 1870 ஏப்ரல் 2 அன்று புனே சார்வஜனிக் சபை பிறந்தது. அதன் உயிர்நாடி கணேஷ் வாசுதேவ் ஜோஷி என்ற வக்கீல். ஊர் அவரைச் 'சார்வஜனிக் காகா' என்றே அழைத்தது. காகா என்றால் சித்தப்பா. சபையின் விதிகளில் ஒன்று உற்றுப் பார்க்கத் தக்கது. உறுப்பினராக வருகிறவர், வயதுவந்த 50 பேராவது கையெழுத்திட்ட முக்தியார்நாமா ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நம் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் 'பவர் எழுதிக் கொடுத்தாச்சா' என்று கேட்கிறார்களே, அந்தப் பவர் பத்திரத்தின் பழைய பெயர்தான் முக்தியார்நாமா. நிலம் விற்கவும் வழக்கு நடத்தவும் எழுதிய பத்திரத்தை, ஆட்சியோடு பேசுவதற்கென்று எழுதவைத்தது வக்கீல் மூளை. சுமார் 6,000 பேர் சார்பில் 95 பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார்கள். சட்டசபைத் தேர்தல் என்ற பேச்சே இல்லாத காலம் அது. 'உங்களை யார் அனுப்பியது?' என்று ஓர் அதிகாரி கேட்டால் மேசைமேல் வைக்க ஒரு கட்டுக் காகிதமாவது கையில் இருந்தது. சென்னையில் 1884இல் எழுந்த சபை 'மகாஜன சபை' என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்தப் பெயரில் பெரிய மனிதர் வாடை சற்றுத் தூக்கல்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமானதும்கூட. அந்த 95 பேரில் பெரும்பாலோர் யார்? பிராமண வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், சாகுகார்கள், இனாம்தார்கள். தலைமை நாற்காலியில் சமஸ்தானாதிபதிகளும் சர்தார்களும். சார்வஜனிக் என்பது இவர்கள் போட்டுக்கொண்ட வேஷம்தானே? வேஷம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வேஷம் போட்டவர் அதற்குத் தக்கபடி ஆட வேண்டிவந்தது. 'ரயத்துக்காகப் பேசுகிறோம்' என்று சொன்னதால், தக்காணத்து நிலவரியின் சுமையைச் சபை மாவட்டம் மாவட்டமாக விசாரிக்க வேண்டியிருந்தது. 1876-78 பஞ்சத்தில் ஆட்களை ஊர்களுக்கு அனுப்பிச் செய்தி திரட்ட வேண்டியிருந்தது. 1878இல் தொடங்கிய அதன் காலாண்டு இதழில் மகாதேவ் கோவிந்த் ரானடே எழுதிய கட்டுரைகளுக்கு அடியில் கிடப்பது அந்த ஊர்த் தகவல்கள்தான். 1877இல் டில்லி தர்பாருக்குச் சபையின் சார்பில் போன ஜோஷி, பட்டும் ஜரிகையும் மின்னிய கூட்டத்தில் கையால் நெய்த முரட்டுத் துணியில் நின்றார். அதே காகா இரண்டு ஆண்டு கழித்து, ஆயுதமெடுத்த வாசுதேவ் பல்வந்த் பட்கேவுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார்.

சபை அதிகாரத்தை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு அரசாங்கமே சான்று தருகிறது. 1895இல் சபை திலகர் தரப்பின் கைக்கு மாறியது. ரானடேயும் கோகலேயும் விலகி மறு ஆண்டு தக்காணச் சபையைத் தொடங்கினார்கள். 1896-97 பஞ்சத்தில் திலகரின் ஆட்கள் செய்த காரியம் எளிமையானது. பஞ்சம் வந்தால் வரியைத் தள்ளிவைக்கலாம், நிவாரண வேலை தரவேண்டும் என்று அரசாங்கமே எழுதிவைத்திருந்த பஞ்ச விதித்தொகுப்பின் சாரத்தை மராத்தியில் அச்சிட்டுக் கிராமங்களில் கொடுத்தார்கள். கலகம் செய்யுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. உங்கள் விதியை நீங்களே படியுங்கள் என்றுதான் சொன்னார்கள். 1897 மார்ச்சில் பம்பாய் அரசாங்கம், பொதுக் கொள்கை பற்றித் தன்னிடம் முறையிடும் தகுதி இச்சபைக்கு இனி இல்லை என்று அறிவித்தது. 27 ஆண்டு மனுப் போட்டபோது இல்லாத கோபம், துண்டுப் பிரசுரம் குடியானவர் கைக்குப் போனதும் வந்தது. சார்வஜனிக் என்ற சொல் கொஞ்சம் உண்மையாகத் தொடங்கிய இடத்தில்தான் அங்கீகாரம் பறிபோனது.

சொல்லின் மேல் விழுந்த ஆழமான அடி ஆட்சியிடமிருந்து வரவில்லை, அதே புனேயிலிருந்து வந்தது. ஜோதிராவ் புலே 1868இலேயே தம் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டவர். 1873 செப்டம்பர் 24 அன்று சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கியவர். சூத்திரரும் அதிசூத்திரரும் இல்லாத சபை எப்படிச் சார்வஜனிக் ஆகும் என்பது அவருடைய ஓயாத கேள்வி. 1885இல் மராத்தி நூலாசிரியர் மாநாட்டுக்கு ரானடே அழைத்தபோது வரமறுத்துக் கடிதம் எழுதியதும் இதே நிலையிலிருந்துதான். இதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லைக் காறித் துப்பியிருக்கலாம். அவர் செய்தது வேறு. பக்கவாதத்தில் வலக்கை விழுந்தபின் இடக்கையால் எழுதிய கடைசி நூலுக்கு 'சார்வஜனிக் சத்ய தர்ம புஸ்தக்' என்று பெயரிட்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1891இல், அது வெளியானது. சபைக்காரர்கள் 50 கையெழுத்தால் அளந்த 'எல்லாரை'யும் அவர் ஆண், பெண், எல்லாச் சாதி, எல்லா மதம் என்று விரித்தார். எதிராளியின் சொல்லை வெறுமனே மறுப்பவர் வெளியிலேயே நிற்பார். அதற்கு எதிராளி கொடுக்கத் துணியாத பொருளைக் கொடுப்பவர், அவரை அவர் வாக்கிலேயே மடக்குகிறார். வேஷம்தானே என்ற மறுப்புக்குச் சரியான பதிலைச் சபையைவிடப் புலேயே சொல்லிவிட்டார்.

இதனால் சொல் எப்போதும் விரிந்துகொண்டே போனது என்று எண்ணிவிடக் கூடாது. 1890களில் வீட்டுப் பிள்ளையாரைத் தெருவுக்குக் கொண்டுவந்து 'சார்வஜனிக் கணேஷோத்சவம்' ஆக்கினார்கள். பாவுசாகேப் ரங்காரி முன்னோடி, திலகர் பெரும் பரப்புரையாளர். சபை எட்டாத தெருக்களையும் மேளாப் பாட்டுக்குழுக்கள் எட்டின. ஆனால் அதுவரை மொகரம் தாபூத்து ஊர்வலத்தில் கூடவே நடந்த இந்துக்களைப் பிரித்தெடுப்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. அந்த 'எல்லாரு'ம் இன்னொருவரை விலக்கித் திரண்ட எல்லாரும். ஆட்சியும் இச்சொல்லை எடுத்தாளக் கற்றுக்கொண்டது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் ஆணிவேர் 'பொது நோக்கம்'. புனேக்கு மேற்கே முள்ஷியில் பம்பாய் ஆலைகளின் மின்சாரத்துக்காக டாடா கம்பெனி அணை கட்டவந்தபோது, மாவளக் குடியானவர்களின் நெல்வயல்கள் அந்தச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டன. 1921 ஏப்ரலில் சத்தியாகிரகம் தொடங்கியது. சேனாபதி பாபட் முன்னின்றார், சிறை சென்றார். அணை எழுந்தது, வயல்கள் மூழ்கின. யாருடைய வயலில் யாருடைய பொதுநன்மை என்ற முள்ஷிக் கேள்வி, விமான நிலையத்துக்கும் எட்டுவழிச் சாலைக்கும் நிலம் அளக்கவரும்போது நம் ஊர்களிலும் கேட்கிறது.

சொல்லுக்குச் சட்டப் பல் முளைத்தது 1923இல். அந்த ஆண்டு ஆகஸ்டில் சீதாராம் கேசவ் போலே பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றவைத்தார்: பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கும் நீர்நிலை, கிணறு, தர்மசாலைகளைத் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்களும் பயன்படுத்தலாம். சென்னையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுவழிகளுக்கும் பொதுக் கிணறுகளுக்கும் இதே வகைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு வைக்கத்தில் சண்டை கோயில் கதவுக்காக நடக்கவில்லை, கோயிலைச் சுற்றிய தெருவுக்காக நடந்தது. போலே தீர்மானத்தின் நுட்பம் அளவுகோலில் இருக்கிறது. தூய்மை, தீட்டு பற்றி ஒரு பேச்சும் இல்லை. யார் பணம் என்பதே முதல் கேள்வி. அதை ஏற்று மகாட் நகராட்சி 1924இல் தன் இடங்களைத் திறப்பதாகச் சொன்னது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போனவர்கள் அவ்வூர்ச் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். திரும்பும் வழியில் அடி வாங்கினார்கள். ஆகஸ்டில் நகராட்சி பின்வாங்கியது. டிசம்பரில் சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். குளம் பொதுவானதல்ல என்பது அவர்கள் வாதம். அதாவது, தெருவில் தோற்றுப்போவோம் என்று பயந்தவர்கள் கடைசியில் சொல்லின் பொருளுக்காக நீதிமன்றப் படியேறினார்கள். குளம் நகராட்சியுடையது, தொன்றுதொட்ட வழக்கம் என்பதை வாதிகள் நிறுவவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச்சில் முடித்துவைத்தது.

பத்து ஆண்டு! இன்னொரு மறுப்பு இங்கேதான் வலுக்கிறது: சொல்லால் என்ன ஆயிற்று, எண்ணிக்கையும் சட்டமும் அல்லவா வென்றன? பார்வதி கோயில் இந்த மறுப்புக்குச் சாட்சி சொல்லும். சார்வஜனிக் சபை பிறக்கக் காரணமான அதே குன்றில், 1929 அக்டோபர் 13 அன்று சிவராம் ஜான்பா காம்ப்ளே, பா. நா. ராஜ்போஜ் ஆகியோர் கோயில் நுழைவுச் சத்தியாகிரகம் தொடங்கினார்கள், காட்கிலும் எஸ். எம். ஜோஷியும் துணைநின்றார்கள். அவர்கள்மேல் கல் விழுந்தது, ராஜ்போஜ் காயப்பட்டார், கதவு திறக்கவில்லை. நியாயமெல்லாம் அவர்கள் பக்கம் இருந்தும், மகாட்டில் இருந்த தீர்மானம் போல் ஒரு பிடி பார்வதியில் இல்லை. சொல் தனியாக எதையும் திறக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கையும் தனியாகத் திறக்கவில்லை. குன்றடியில் ஆட்களுக்குக் குறைவில்லை. மகாட்டில் ஆட்கள் திரண்டது, ஏற்கெனவே ஆட்சி வாய்விட்டுச் சொல்லிவிட்ட ஒரு வாக்கியத்தின் மேல். அங்கே எதிராளி பத்து ஆண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவந்தது. இங்கே கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்துவிட்டார்.

போலேயின் வாக்கியம் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடினால் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவில் கிடைக்கிறது. கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, பொது இடம் எதுவாயினும் அது முழுதாகவோ ஓரளவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்பட்டாலும், பொதுமக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்டிருந்தாலும், மதம், சாதி, பால், பிறந்த இடம் காட்டி மட்டும் எவரையும் தடுக்கக் கூடாது. யார் பணம் என்ற அதே அளவுகோல். அதன் இடைவெளியும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி என்று அரசுப் பணத்திலேயே இரண்டாகக் கட்டினால், சட்டத்தின் கண்ணில் இரண்டும் பொதுத் தொட்டிதான். எவரும் எவரையும் மறிக்கவில்லை. சுடுகாடும் அப்படியே. சவதார் குளத்து வழக்கில் கேள்வி, இது யாருக்குச் சொந்தம் என்பது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் மதிப்பீடு நிறைவேறும்போது ஒருவர் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி, ஒரே ஊருக்கு இரண்டு எதற்கு என்பது. அந்தக் கேள்விக்கு உரிய தீர்மானத்தை எந்தச் சட்டமன்றத்திலும் போலே போல் ஒருவர் இனிமேல்தான் கொண்டுவர வேண்டும்.