வெற்று எழுவாயும் ஜாலியன்வாலா பாக்கும்

நிகழ்வுகளை மதிப்பிடும் ஆங்கில வாக்கியங்கள் பல 'இட் இஸ்' என்று தொடங்குகின்றன. அந்த 'இட்' எவரையும் சுட்டாத வெற்று எழுவாய். அதனால் மதிப்பீடு நிற்கும், மதிப்பிடுபவர் மறைந்துவிடுவார். காலனிய வரலாற்றைப் பேசுகையில் இவ்வமைப்பு அரசியல் பயன் பெறுகிறது.

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில், டயரின் ஆணைப்படி படையினர் 1,650 முறை சுட்டனர். அரசுக் கணக்கின்படியே இறந்தோர் 379 பேர். 1920இல் ஹண்டர் விசாரணைக் குழுவின் இந்திய உறுப்பினர் மூவர் அளித்த சிறுபான்மை அறிக்கை, டயரின் செயல் மனிதத்தன்மையற்றது என்று பெயர் சுட்டியே கண்டித்தது.

1997 அக்டோபரில் தில்லியில் அரசு விருந்தில் உரையாற்றிய இரண்டாம் எலிசபெத் அரசியார், இதைக் குறிப்பிடும் பகுதியை 'இட் இஸ் நோ சீக்ரெட்' என்று தொடங்கினார். கடந்த காலத்தில் கடினமான நிகழ்வுகள் இருந்தன, ஜாலியன்வாலா பாக் அவற்றுள் ஒன்று என்பது அதன் சாரம். நிகழ்வு சொல்லப்பட்டது, சுட்டவர் சொல்லப்படவில்லை.

2019 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் தெரசா மே, நடந்ததற்கு 'நாங்கள்' ஆழ்ந்து வருந்துவதாகக் கூறினார். வெற்று எழுவாய் இருந்த இடத்தில் தன்மைப் பன்மை வந்தது. ஆயினும் வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு. எழுவாய் கிடைத்த பின்னரும், மன்னிப்புக் கோருதல் என்னும் பயனிலையை பிரித்தானிய அரசு அன்று சேர்க்கவில்லை.