பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு

1881ஆம் ஆண்டில் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. நகரை மீண்டும் எழுப்பச் செங்கல் வேண்டியிருந்தது. சூளைகள் அமைந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் இரயில்வே பணிமனை வந்தது. தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தனர். மளிகைக் கடைகளும் பூக்கடைகளும் அவர்களை நம்பியே தோன்றின.

விற்பவரும் வாங்குபவரும் ஒரே தெருவினர். எனவே, சம்பள நாள்வரை கடைக்காரர் பற்று எழுதிக் கொடுத்தார். அப்பணமே கோயில் விழாவுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நன்கொடையாகத் திரும்பியது. வங்கி அறியாத குடும்பங்களுக்கு இதுவன்றோ வங்கி!

2001இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010 அக்டோபர் 27இல் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்து வைத்தனர். தெருவை அழகுபடுத்தியது தவறன்று. ஆயின், பின்னர் நூறு வீட்டுக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. தீபாவளிக்கு வெளியூர்க் கூட்டம் நிரம்புகிறது. பற்றுப் புத்தகத்தில் பெயர் இருந்த அண்டைக் குடும்பங்களோ அங்கில்லை.